மூன்றாம் வாசல் காவலன்

"டாய்லெட் எந்தப் பக்கம்ங்க?"

சாம்பல் நிறச் சீருடை, நெற்றி வரை இறங்கிய தொப்பி, இடுப்பில் தடி. அரங்கத்தின் வாசலோரம் நின்றிருந்தவள், "நேரா போய் வலது பக்கம்" என்று கை காட்டினாள். காலையிலிருந்து இதே வேலையாகத்தான் இருக்கிறது.

உண்மையில் அவள் பல் டாக்டர். 'சாம்பல் கோள்' டிவி தொடரின் ரசிகர்கள் கூடும் விழாவுக்கு, அதில் வரும் மூன்றாம் வாசல் காவலனாக வேஷம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ராணிகளையும் தளபதிகளையும் சுற்றி செல்ஃபிக்குக் கூட்டம் அலைமோதியது. இவளிடம் மட்டும் எல்லோரும் வழி கேட்டார்கள். ஒரு அம்மா, "கொஞ்சம் பாத்துக்கங்க" என்று குழந்தையின் தள்ளுவண்டியையே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. வருஷக்கணக்காக ஓடும் அந்தத் தொடரில் காவலன் வருவது ஒரே ஒரு காட்சி. நொண்டிக்கொண்டே முன்னால் வருவான். "நில்லு, யாரது?" என்பான். சுட்டுவிடுவார்கள். விழுந்துவிடுவான்.

அவன் விழுந்த விதம் என்னவோ அவள் மனசை விட்டு அகலவில்லை. அவனைப் பிழைக்க வைத்து, கல்யாணம் செய்து வைத்து, கையில் ஒரு பெண் குழந்தையையும் கொடுத்து, ரசிகர்கள் கதை எழுதும் இணையதளத்தில் முப்பது அத்தியாயம் எழுதிவிட்டாள். சிகிச்சை நாற்காலியில் படுத்திருப்பவர்களுக்கும் கதையைச் சொல்வாள். வாயைத் திறந்து வைத்திருக்கும்போது யாரால் மறுத்துப் பேச முடியும்?

"ஒரு நிமிஷம் வந்து செத்தவனுக்கு முப்பது அத்தியாயமா? என்னைப் பத்தி ஒரு வரி எழுதியிருப்பியா நீ?" என்று வீட்டுக்காரர் சீண்டுவார். சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

ஆனால் இன்று வேஷதாரிகளின் அணிவகுப்புக்காக மேடையேறியபோது, மைக் பிடித்தவர், "செக்யூரிட்டி மேடம், அந்த வரிசையைக் கொஞ்சம் நேர் பண்ணி விடுங்க" என்றார். அரங்கமே சிரித்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று இறங்கி வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, போனை எடுத்துக் கதையை அழிக்கும் பொத்தானுக்கு மேல் விரலைக் கொண்டுபோனாள்.

"மூணாம் வாசல்தானே?"

நிமிர்ந்தாள். பக்கத்து நாற்காலியில், மடி கொள்ளாத பைகளோடு நரைத்த தலைக்காரர் ஒருவர். ராணி வேஷம் போட்ட மகளுக்குத் துணையாக வந்தவராம்.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"கழுத்துப் பட்டனைப் போடாம விட்டிருக்கீங்களே. அவனும் அப்படித்தான் நின்னான்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதை எழுதுவதும் தான்தான் என்று சொன்னதும், அவர் பைகளையெல்லாம் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். மகள்தான் தேடிப் பிடித்துக் கொடுத்தாளாம். ஒரு அத்தியாயம் விடாமல் படித்திருக்கிறார்.

"எல்லாம் பிரமாதம்மா. ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. அவன் நொண்டுறது போர்ல பட்ட காயம்னு எழுதியிருக்கீங்க. அது ஷூ கடிச்சது. ஒரு சைஸ் சின்ன ஷூ."

"யார் சொன்னா? அந்தக் காட்சியை நான் எத்தனை தடவை பாத்திருக்கேன் தெரியுமா? காயமேதான். இடது முழங்கால்." காவலனுக்காக அவள் சண்டைக்கே நின்றாள்.

"சரி, காயம்னே இருக்கட்டும். அதுதான் அவனுக்கும் கௌரவம்." அவர் சிரித்தார். பிறகு அவள் போனைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அழிச்சிடாதீங்கம்மா. கொழந்தைக்கு இப்பதான் பேச்சு வருது. அது ஸ்கூலுக்குப் போறதையாவது நாங்க பாக்க வேணாமா?"

அவள் விரல் பின்வாங்கியது. போனை அணைத்துப் பையில் போட்டாள்.

"ஸ்கூல் என்ன சார், காலேஜே அனுப்பிடலாம்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆனா ஒண்ணு கேக்கணும். நானாவது கிறுக்கு. ஊரே ராணி, தளபதின்னு அலையுது. விழுந்து செத்துப்போன ஒருத்தன் மேல உங்களுக்கு எதுக்கு இவ்வளவு பாசம்?"

மேடையிலிருந்து ராணி கையசைத்தாள். அவர் பைகளை ஒவ்வொன்றாகத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில், கூச்சத்தோடு சொன்னார்:

"அன்னைக்குச் செத்தது நான்தாம்மா."