மாலைக் காட்சிக்கு முன்

“வெட்டிடுங்க,” என்று சொல்லிவிட்டான்.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

தியேட்டர் வாசலில் அவன் தயாரித்த படத்தின் பேனர் காற்றில் படபடத்தது. பகல் காட்சி தொடங்கப் போகிறது. கவுண்ட்டரில் கூட்டமில்லை.

நேற்றுதான் படம் வெளியானது. சந்தையில் அப்பா தன் மகளைத் தேடி அலையும் காட்சி இழுவை என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னது மட்டுமில்லை. அந்த இடத்தில் எழுந்து வெளியே போனார்கள். அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தான்.

காலையிலிருந்து விநியோகஸ்தர் விடவில்லை. அந்தக் காட்சியைத் தூக்கினால் மாலையிலிருந்து படம் பிழைக்கும். இல்லையென்றால் திங்கட்கிழமை எந்த ஊரிலும் படம் இருக்காது.

இயக்குநர் சண்டை போட்டான். அழுதான். கடைசியில், “உங்க இஷ்டம் சார்,” என்றான்.

எடிட்டர் மட்டும் ஒன்று கேட்டார்.

“படத்துல அப்பாவா வர்ற மாசிலாமணி ஐயா வாயத் தொறக்கிறதே அந்த ஒரு எடத்துலதானே சார்?”

ஆமாம். அந்த ஒரு இடத்தில்தான்.

அவன் சினிமாக்காரன் இல்லை. மரக்கடைக்காரன். ஒரு மத்தியானம் கடைக்கு வந்த இந்த இயக்குநர் சொன்ன கதையில் கண்கலங்கிப்போனான். அங்கே தொடங்கியது எல்லாம். நடிகர்களின் தேதிக்காகக் கெஞ்சப் பழகினான். மழை வந்தால் செட்டின்மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டப் பழகினான். தணிக்கைக் குழுவின் முன்னால் கைகட்டி நின்றான். தியேட்டர் கிடைப்பதற்காக யார் யாருடைய வாசலிலோ செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தான்.

டப்பிங்தான் அவனை உலுக்கிவிட்டது.

மாசிலாமணி நாடக நடிகர். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல். படப்பிடிப்பு முடிந்ததும் தொண்டையில் புற்று என்றார்கள். குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போய் நின்றான்.

வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும், டப்பிங்கை இன்றே பேசித் தர முடியுமா என்று கேட்டான்.

மாசிலாமணி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

அவர் மனைவி அமிர்தவல்லியும் கூடவே வந்தாள். ஸ்டுடியோ நடையில் அவனை நிறுத்தினாள்.

“நாளைக்கு மேல இவருக்குப் பேச்சு கெடையாது. இருக்கிற கொஞ்சத்தையும் நீங்களே வாங்கிக்கிட்டா எனக்கு என்ன தம்பி மிச்சம்?”

“படத்துல இருக்கும்மா. எங்கயும் போயிடாது.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாசிலாமணி மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இருமினார். வெந்நீர் குடித்தார். மறுபடி கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

“இன்னொண்ணு போலாம்,” என்று அவர்தான் சொன்னார்.

போதும் என்று அவன் சொல்லவில்லை.

இப்போது தியேட்டர் வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது.

முதலில் அமிர்தவல்லி இறங்கினாள். பட்டுப்புடவை. தலை நிறையப் பூ. பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு மாசிலாமணி. பாதியாக இளைத்திருந்தார். கழுத்தில் இருந்த துளையை ஒரு வெள்ளைத் துணி மறைத்திருந்தது.

தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளத் தோன்றியது. அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

“நேத்தே வரணும்னு இருந்தோம் தம்பி. இவருக்கு முடியல. இப்ப நாங்க ரெண்டு பேரும் பாத்துடறோம். சாயங்காலம் எங்க அக்கா வீட்டுல எல்லாரும் வர்றாங்க. மறுபடியும் ஒருக்கா இவரு குரலக் கேக்கணுமாம்.”

ஒலிப்பதிவை எடுத்து அவளிடமே கொடுத்துவிடலாம். அது பெரிய காரியமில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுக்கொள்ளலாம்.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவள் அதற்கு வரவில்லை.

“சாயங்காலம் வேணாம்மா,” என்றான். “இந்த ஆட்டத்துக்கே வரச் சொல்லுங்க. எல்லாரையும்.”

“இப்பவேவா? அக்கா இன்னும் உலையே வச்சிருக்க மாட்டாளே. சாயங்காலம் வந்தா என்ன?”

அவன் பேனர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாசிலாமணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஆளில்லாத கவுண்ட்டரைப் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார். காலமெல்லாம் மேடையில் நின்றவர். பாதியில் எழுந்து போகும் முதுகுகளைப் பார்த்துக்கொண்டே வசனம் பேசியவர்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

தோளில் ஒரு கை விழுந்தது. எலும்பும் தோலுமான கை. இரண்டு முறை தட்டிவிட்டு விலகியது.

அவன் நிமிர்ந்தபோது மாசிலாமணி மனைவியின் பையிலிருந்து போனை எடுத்து அவள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். விரல்களைக் காதருகே வைத்துக் காட்டினார். கையை வீசி, வா வா என்பதுபோல் அழைத்தார்.

“அப்படி என்னங்க அவசரம்?” அவள் சிரித்துக்கொண்டே எண்ணைத் தேடினாள்.

உள்ளே மணி அடித்தது.

அவன் படிகளில் ஓடினான். மேலாளரின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தான்.

“சார், கொஞ்ச நேரம் தள்ளிப் போடுங்க. ஆள் வருது.”

“யாரு சார் வரப் போறாங்க?”

“வருவாங்க சார். உங்க கால்ல வேணா விழறேன்.”

திறந்திருந்த கதவு வழியாக, கீழே வாசலிலிருந்து அமிர்தவல்லியின் குரல் கேட்டது.

“அடுப்ப அணைச்சுட்டு வா அக்கா. புள்ளைங்களையும் கூட்டிட்டு வா... நான் இல்ல. இவருதான் கூப்பிடறாரு.”