நாற்பத்தாறு ஓம்

"இந்தக் கையெழுத்து உங்களோடதுதானா?"

"ஆமாங்க மேடம். என்றதுதான்."

ரேகா எர்த் சோதனைப் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். மின் ஆய்வாளராகச் சேர்ந்த பிறகு அவள் விசாரிக்கும் முதல் சாவு இது. கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி. தூள் சலிக்கும் மெஷினைத் தொட்ட பெண் ஐந்து நாளைக்கு முன் ஷாக் அடித்து இறந்திருந்தாள். ரேகாவின் கைக்கு வந்த குறிப்பில் 'சுகுணா, வயது 23' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

எதிரே நின்ற ஆறுக்குட்டி ஃபேக்டரியின் எலெக்ட்ரீஷியன். ரிட்டயராக இன்னும் எட்டு மாதம். காலையிலிருந்து அவளோடு கூடவே இருந்து ஒவ்வொன்றையும் அளக்க உதவியவரும் அவர்தான். மெஷினின் இரும்புக் கூட்டில் நூற்று எண்பத்து நான்கு வோல்ட். எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் போன கரண்ட் நான்கு ஆம்பியர்.

"வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா எர்த்தோட தடை எவ்வளவு வருது?"

"நாப்பத்தாறு ஓம்." காகிதம் தேவைப்படவில்லை அவருக்கு.

"டிசம்பர்ல நீங்க எழுதியிருக்கறது?"

"ஒண்ணு."

"ஒரு ஓமா இருந்திருந்தா நூறு ஆம்பியருக்கு மேல இழுத்திருக்கும். மெஷின்ல கரண்ட் கசிஞ்ச அந்த நிமிஷமே ஃபியூஸ் போயிருக்கும். அந்தப் பொண்ணு வெறும் இரும்பைத்தான் தொட்டிருப்பா. வெறும் நாலு ஆம்பியருக்கு ஃபியூஸ் எப்படிங்க போகும்?"

"போகாதுங்க. ரெண்டையும் பெருக்கியும் பாத்தனுங்க. எழுநூத்தி முப்பத்தாறு வாட். ஒரு இஸ்திரிப் பெட்டிச் சூடு. எர்த் கம்பி புதைச்ச குழிக்குள்ள மிச்சம் இருந்த ஈரத்தையும் அதே காய வெச்சிருக்கும்."

ரேகா நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு தெரிந்த மனிதரா?

"அப்புறம் ஏன் அளக்காம எழுதினீங்க?"

"அளந்தனுங்க. அளக்கறதுக்கு முந்தின நாள் எர்த் குழியில நாலு குடம் உப்புத் தண்ணி ஊத்துவோம். மண்ணு நனைஞ்சிருந்தா மீட்டர் நல்லபடியாக் காட்டுமுங்க. எனக்கு முன்னாடி இருந்தவரு அப்படித்தான் செஞ்சாரு. இருபத்தாறு வருசமா நானும் அதையேதான் செஞ்சேன். கையெழுத்துப் போட்டதும் குழியை மறந்துருவோம். தையில ராவெல்லாம் ஒறைபனி, பகலெல்லாம் வெயிலு. மண்ணு பொடியாயிரும்."

சலிக்கும் பிரிவில் வேலை செய்யும் தெய்வம்மா டீ கொண்டுவந்து வைத்தவள், போகாமல் நின்றாள்.

"எப்படியாச்சும் காப்பாத்தி எழுதுங்க அம்மணி. அஞ்சு நாளா இந்த மனுசனுக்குச் சோறு எறங்கல."

"நீ சும்மா இரு" என்றார் ஆறுக்குட்டி.

அவள் கேட்டதில் தப்பில்லை என்றுதான் ரேகாவுக்கும் பட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இந்த வருசம் மழை கம்மி. மண் வறண்டதுதான் காரணம்னு எழுத இடம் இருக்கு. தண்ணி ஊத்தின கதையை எழுதினா உங்க மேல கேஸ் வரும். ஜெயிலுக்குக்கூடப் போக வேண்டியிருக்கும்."

"மழை வந்து கையெழுத்துப் போடலீங்களே. உள்ளதை உள்ளபடி எழுதுங்க மேடம்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"அஞ்சு நாளா அதைத்தானுங்க செஞ்சிட்டிருக்கேன்."

ரேகா பேனாவைத் திறந்தாள். அரைப் பக்கம் எழுதி முடிக்கும்வரை அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. இனி மிச்சமிருந்தது அவள் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்த வேலை.

"அந்தப் பொண்ணோட அப்பா உள்ளூர்லதான் இருக்காரா?"

"இருக்காருங்க."

"வரச் சொல்லுங்க. யாரோ சொல்லி அவருக்குத் தெரிய வேண்டாம். நானே நேர்ல சொல்லணும். அவர் வர்றப்ப நீங்க இங்க நிக்காதீங்க. பெத்த மனசு, கை நீட்டினாலும் நீட்டிருவாரு."

"நீட்டினாத் தேவலைங்க" என்றபடி ஆறுக்குட்டி வெளியே போனார். தெய்வம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள்.

ரேகா எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாள். ஒரு தகப்பனிடம் இதை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை.

கதவு திறந்தது.

"சுகுணாவோட அப்பா வந்திருக்காருங்க" என்றாள் தெய்வம்மா.

ரேகா எழுந்து நின்றாள். உள்ளே வந்த ஆறுக்குட்டி கைகூப்பினார்.

"சொல்லுங்க மேடம்… என்ற புள்ள எதனால செத்துப்போனா?"