வரையறுக்கப்பட்ட பொறுப்பு

மூன்று கட்டங்கள் இருந்தன. ஒன்றில்தான் டிக் போடலாம்.

அக்கா படிவத்தை மேலும் கீழும் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் தம்பி. அவனை யாரும் கூப்பிடவில்லை. அவனாக வந்து உட்கார்ந்திருந்தான்.

பதினோரு வருடமாக வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் அக்கா. குடோனில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் அக்கா என்றே பெயர். எந்த அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடாது, எந்த வீட்டு நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும், எந்தக் கதவு மூன்றாவது மணிக்குத்தான் திறக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

பார்சல் கொடுக்கும் கம்பெனிக்கு அவசரம் என்றால் அவள் 'நம்ம ஆளு'. லீவு கேட்டால் 'நீங்க எங்க ஊழியர் இல்லையே'. இப்போது அதை விதியாகவே போட்டுவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து, சொந்தத் தொழிலாகப் பதிவு செய்தவர்களுக்குத்தான் பார்சல்.

அதனால்தான் இந்த அலுவலகம், இந்தப் படிவம்.

கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக விளக்கினார்.

முதல் கட்டம், தனி உரிமையாளர். எல்லாப் பொறுப்பும் ஒருவருடையதே. தொழில் விழுந்தால் சொந்த வீடும் சேர்ந்து விழும்.

இரண்டாவது, கூட்டு. ஒருவர் செய்வதற்கு இன்னொருவரும் பொறுப்பு.

இதைக் கேட்டதும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கூட்டே போடுங்க மேடம். எங்க அக்கா ரொம்பப் பொறுப்பானவங்க."

அது பொய்யில்லை. அப்பா போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. தங்கையின் கல்யாணம், அம்மாவின் கண் ஆபரேஷன், எல்லாம் அவள் பொறுப்பு. தம்பி ஜெராக்ஸ் கடை வைத்தான், வண்ணமீன் கடை வைத்தான், செல்போன் கவர் விற்றான். மூன்றுக்கும் ஜாமீன் கையெழுத்து அக்காவுடையது. ஜெராக்ஸ் மிஷினை வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மீன்கள் தாமாகவே போய்ச் சேர்ந்தன. அக்கா மட்டும் எங்கும் போகாமல் நின்று எல்லாக் கடனையும் கட்டி முடித்தாள்.

பொறுப்பானவள் என்று நாலு பேர் சொல்லும்போது தலையில் ஐஸ் வைத்த மாதிரித்தான் இருக்கும். ஐஸுக்குக் கீழே மூட்டையும் இருப்பது பிறகுதான் தெரியும்.

தம்பி கெட்டவன் இல்லை. தங்கமான பிள்ளை. வண்டியில் ஏறினால் சந்து பொந்தெல்லாம் அத்துப்படி. முதலாளி ஆகிற ஆசைதான் அவனுக்கு ஆகவே ஆகாது.

போன வருடம் அக்கா சின்னதாக ஒரு வீடு வாங்கியிருந்தாள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். ஆனாலும் அது அவளுடைய ஜன்னல். கூட்டு என்று எழுதிவிட்டால், தம்பியின் அடுத்த யோசனைக்கு அந்த ஜன்னலும் ஜாமீன்.

மூன்றாவது என்ன என்று கேட்டாள்.

"வரையறுக்கப்பட்ட பொறுப்பு. கம்பெனி வேற, நீங்க வேற. போட்ட முதலோட உங்க பொறுப்பு முடிஞ்சுது. ஏதாவது ஆனாலும் தலைக்கு வந்தது தலைப்பாகையோட போயிடும். என்ன, பேப்பர் வேலை கொஞ்சம் ஜாஸ்தி."

பேப்பர் வேலையை அக்கா காதிலேயே வாங்கவில்லை. முன்னால் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அதிகாரி நிறுத்தி நிதானமாக மறுபடி சொன்னார்.

அவளுக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில் முதன்முதலாக ஒருவர், அதுவும் முத்திரையைக் கையில் வைத்திருக்கிற ஒருவர், உன் பொறுப்பு இவ்வளவுதான் என்று சொல்கிறார். ஒரு தடவை கேட்டால் போதுமா?

மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டாள். அடியில் இருந்த தாளிலும் பதிகிற அளவுக்கு அழுத்திப் போட்டாள். இயக்குநர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். கீழே இன்னொருவருக்கும் இடம் விட்டிருந்தார்கள். அதில் ஒரு கோடு இழுத்தாள்.

பெருமையாக இருந்தது. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை.

தம்பி தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினால் அப்படித்தான் பார்ப்பான். அக்கா அதைக் கவனித்தாள். ஆனால் கை இரண்டாவது கட்டத்துக்குப் போகவில்லை.

ஊழியர் யாராவது உண்டா என்று அதிகாரி கேட்டார்.

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, தம்பியைக் கை காட்டினாள்.

மாதச் சம்பளம், வாரத்தில் ஒரு நாள் லீவு என்று அவள் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதிக்கொண்டார். மூன்று கடைக்கு முதலாளியாக இருந்தவனுக்கு இதுவரை யாரும் லீவு கொடுத்ததில்லை. பதினோரு வருடமாக அவளுக்கும்தான். தம்பி மெல்லத் தலையைத் தூக்கினான்.

"இவர் உங்களுக்கு உறவா? அதையும் எழுதணும்."

அவன் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"காலையில எட்டு மணிலேருந்து ஊழியர். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தம்பி."