வாசம் போதும்

கன்று அசையவே இல்லை. ரப்பர் பூட்ஸ் போட்ட சிறுமி அதன் காதைப் பிடித்துத் திருகிப் பார்த்தாள். கண்ணைக்கூட அது சிமிட்டவில்லை.

"எவ்வளவு சமத்து பாருங்கப்பா! நம்ம வீட்டுல ஒண்ணு இருக்கே, தம்பின்னு."

வேலிக்கு வெளியே நின்ற நாற்பது பேரும் சிரித்தார்கள். நாற்பது கையிலும் செல்போன். தலைக்கு மேலே பலகையில் 'தாய்மையின் சுவை' என்று பெரிதாக எழுதியிருந்தது.

பண்ணையில் எண்ணூறு மாடுகள். எல்லாவற்றுக்கும் கறவை இயந்திரம்தான். ஆனால் டிக்கெட் வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இயந்திரம் பிடிக்காது. அதனால் இந்த ஒரு மாட்டை மட்டும் கையால் கறந்து காட்டுவார்கள்.

அந்தக் கை பால்காரம்மாவின் கை. பள்ளி விடுமுறை சீசன் முழுக்க, நாளுக்கு இரண்டு காட்சி. வேறு யார் மடியைத் தொட்டாலும் இந்த மாடு உதைக்கும். தொட்டுப் பார்த்தவன் ஒருவன் இன்னும் நொண்டுகிறான்.

"சமத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல கண்ணு. அதுக்கு உசுரே கிடையாது" என்றாள் பால்காரம்மா. கன்றை ஒரு கையால் தூக்கித் திருப்பிக் காட்டினாள். வயிற்றில் தையல் விட்டுப்போய் வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது.

சிறுமி கையை உதறிக்கொண்டு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஓடினாள்.

"கன்னு பொறந்தன்னைக்கே செத்துப்போச்சு. கன்னு இல்லேன்னா இவ பாலை அடக்கிக்குவா. அதான் தோலை உரிச்சு, வைக்கோலைத் திணிச்சு, முன்னால நிறுத்திட்டோம். மோந்து பாப்பா, நக்கிக் குடுப்பா, நம்ம புள்ள பக்கத்துலதான் இருக்குன்னு நினைச்சுப்பா. வாசம் போதும் இவளுக்கு."

மாடு நாக்கை நீட்டிக் கன்றின் கழுத்தை நக்கியது. ஏற்கெனவே நக்கி நக்கி அங்கே முடியெல்லாம் உதிர்ந்து தோல் பளபளத்தது. அடுத்த நிமிடம் வாளியில் பால் சர் சர்ரென்று இறங்கியது. கூட்டம் கைதட்டியது.

"இவ்வளவு முட்டாளாவா இருக்கு?" என்றார் சிறுமியின் அப்பா, படம் எடுத்துக்கொண்டே.

"மாடுதானே சார். மூளை இருந்தா இங்க ஏன் கட்டுப்பட்டு நிக்குது?" என்றாள் அவள். அதற்கும் கைதட்டினார்கள்.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களாம்மா?"

"ஒரே பையன் சார். இதே முதலாளியோட மலைப் பண்ணையில இருக்கான். சாண எரிவாயுக் குழிக்குள்ள இறங்கிச் சுத்தம் பண்ற வேலை. வேற எவனும் இறங்க மாட்டான், என் புள்ள இறங்குவான்." அவள் முகத்தில் பெருமை வழிந்தது. "சீசன் தொடங்குனதுலேர்ந்து அவனைப் பாக்கல."

"போன்ல பேசலாமே?"

"அங்க ஏது சார் டவர்? வாராவாரம் வேன்ல அழுக்குச் சட்டை வரும். துவைச்சு அனுப்புவேன்." சற்றே வெட்கப்பட்டுச் சிரித்தாள். "வந்ததும் துவைச்சிட மாட்டேன். ஒரு நாள் தலகாணிக்கு அடியில வச்சுப்பேன்."

காட்சி முடிந்தது. கூட்டம் ஐஸ்கிரீம் கடைப் பக்கம் நகர்ந்தது. பால்காரம்மா வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மேனேஜரிடம் போய் நின்றாள்.

"சார், அந்த லீவு..."

"சீசன் முடியட்டும்னு சொன்னேனேம்மா."

"ஒரே ஒரு நாள் சார். மூஞ்சியப் பாத்துட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிடுறேன். தங்கக்கூட மாட்டேன்."

"இன்னும் இருபது நாளைக்கு டிக்கெட் வித்தாச்சு. நீ போயிட்டா இந்த மாடு எனக்கா பால் குடுக்கும்? இவ்வளவு நாள் பொறுத்துட்டே, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ." குரலில் சர்க்கரை கொட்டியது. மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினார். "இந்தா, உன் புள்ள சட்டை. காலையிலயே வந்துடுச்சு."

நீலக் கட்டம் போட்ட சட்டை. அவளே வாங்கிக் கொடுத்தது. அங்கேயே, மேனேஜர் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல், அதில் முகத்தைப் புதைத்தாள். நிமிர்ந்தபோது நெற்றி சுருங்கியிருந்தது.

"சார், சிகரெட் நாத்தம் அடிக்குது."

"என்னது?"

"குழியில காஸ் இருக்கும்னு நெருப்புப் பக்கமே போக மாட்டான் சார் அவன். அடுப்புகூடப் பத்த வைக்க மாட்டான். இப்போ இதைப் பழகிட்டு நிக்கிறான் கழுதை!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேண்டாம்னு சொல்லுங்க சார். அம்மா ரொம்ப வருத்தப்பட்டான்னு சொல்லுங்க."

மேனேஜர் ஒரு கணம் சட்டையைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். "கண்டிப்பா சொல்றேன்மா."

"மறந்துடாதீங்க சார்."

"இப்பவே சொல்லிடுறேன், போதுமா? நீ போய் அடுத்த காட்சிக்கு ரெடியாகு. அந்தக் கன்னோட வயித்தையும் கொஞ்சம் தைச்சுடு, ஜனங்க பாக்குறாங்க."

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஊசி தேடித் தொழுவத்துக்குப் போனாள். மேனேஜர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவர். நேராகப் பின்கட்டுக்கு நடந்தார். வேனில் சாய்ந்து நின்ற டிரைவர் அவரைக் கண்டதும் வாயிலிருந்ததைக் கீழே போட்டு மிதித்தான்.

மேனேஜர் சொன்னார்:

"செத்தவன் சட்டையைப் போட்டுக்கிட்டு இனிமே சிகரெட் பிடிக்காதடா."