எழுதியதும் படித்ததும்

கல்யாண வீடியோ ஸ்டுடியோ ஒன்றில் டிவிடி ரைட்டர் ஒன்று இருந்தது. எழுதுவதும் அதுதான், எழுதியது சரியா என்று படித்துப் பார்ப்பதும் அதுதான்.

அன்றைக்கு அதன் வாய்க்குள் போனது ஓர் இரண்டு அடுக்கு டிவிடி. முதல் அடுக்கில் முகூர்த்தம் ஏறியது, இரண்டாம் அடுக்கில் பந்தி. சரிபார்க்கும்போது, இரண்டாம் அடுக்கு தொடங்கும் இடத்தில் ரைட்டர் திணறி நின்றுவிட்டது.

“சரக்கு மட்டம்” என்று டிவிடியை வெளியே தள்ளியது.

டிவிடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எழுதினது நீ. படிக்க முடியாம முழிக்கிறதும் நீ. மட்டம் மட்டும் நானா?”

ஸ்டுடியோக்காரர் அதைக் கழிவுப் பெட்டியில் போட்டார். அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டமே கிடந்தது. ஆளுக்கொரு கம்பெனி, ஆனால் எல்லாருக்கும் கோளாறு அதே இடத்தில்.

“இத்தனை பேரும் பேசி வச்சுக்கிட்டா ஒரே இடத்துல கெட்டுப்போனோம்? உன் லென்ஸ்ல தூசு. முதல்ல அதைத் துடை” என்று பெட்டிக்குள்ளிருந்து கத்தியது டிவிடி.

“இப்பல்லாம் நல்ல டிஸ்க்கே வர்றதில்ல” என்றது ரைட்டர்.

கடைசியில் ஸ்டுடியோக்காரர் லென்ஸ் துடைக்கும் டிஸ்க் ஒன்றை வாங்கிவந்தார். அதன் அடியில் சின்னதாக ஒரு பிரஷ் இருந்தது. இனியாவது நியாயம் கிடைக்கும் என்று டிவிடி எட்டிப் பார்த்தது.

ரைட்டர் அதை ஒரு சுற்றுகூடச் சுற்றவிடவில்லை.

“இதுல படிக்கவே ஒண்ணுமில்ல. இதுவும் மட்டம்.”

ரைட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஸ்டுடியோக்காரர் அதையும் பெட்டியில் போட்டார். அது டிவிடியின் மேலேயே வந்து விழுந்தது. அதன் பிரஷில் ஒரு பொட்டுத் தூசுகூட இல்லை.