விந்தி நடைக்கு ஓர் உதாரணம்

கார்ட்டூன் உருவங்களை நடக்கவைக்கும் மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது செண்பகவல்லியின் வேலை. அதைப் படிப்பவர்கள் மனிதர்கள் அல்ல. உலகத்துக் கார்ட்டூன்களையெல்லாம் வரைந்து தள்ளும் ஏஐ ஏஜென்ட்கள். ஒரே ஓர் உதாரணம் கொடுத்தால் அவை அதையே விதியாக எடுத்துக்கொண்டுவிடும். தெரிந்திருந்தும், இரண்டாவது உதாரணம் தேட அலுத்துக்கொண்டு, 'விந்தி நடத்தல்' பக்கத்துக்குத் தன் மகள் மேகலையின் நடையை மட்டும் எழுதி அனுப்பிவிட்டாள். அந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே இடது கால் குட்டை. தோள் சாய்வது, கை ஒதுங்குவது, அடி வைக்குமுன் உதட்டைக் கடிப்பது என்று ஒன்றையும் விடவில்லை.

மறு மாதமே எல்லாக் கார்ட்டூன்களிலும் கோமாளிகள் மேகலையைப் போல நடந்தார்கள்.

"அம்மா, நான் அந்தக் கோமாளியப் பாத்துத்தான் இப்பிடி நடக்கறேனாம். கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கறாங்க," என்றாள் குழந்தை.

செண்பகவல்லி மேலாளர் ரெஜினால்டுக்குப் போன் போட்டாள். "அந்தப் பக்கத்த எடுத்துருங்க சார். அது எம் பொண்ணோட நடை."

"எதுக்குங்க எடுக்கணும்? ஊரே விழுந்து விழுந்து சிரிக்குது. இப்பிடிப் பாத்து எழுதறீங்கன்னுதான் மத்தவங்களையெல்லாம் வேலைய விட்டு அனுப்பிட்டு உங்கள மட்டும் வெச்சிருக்கோம். அடுத்தது 'தடுக்கி விழுதல்' பக்கம். நாளைக்கு வந்துரணும்."

செண்பகவல்லி போனை வைத்தாள். பிறகு எழுந்துபோய், சமையலறை வாசலில் கால்மிதியைச் சுருட்டிப் போட்டாள். செல்போனில் கேமராவை ஓடவிட்டாள்.

"மேகலை, அம்மாகிட்ட ஓடி வா கண்ணு."

குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.