‘த’வில் நின்றவள்

அந்தச் சொல்லைப் பிள்ளைக்குப் பதிலாக அவளே சொல்லிவிடலாம்.

நாக்கு நுனியில்தான் இருந்தது.

கரும்பலகைக்குப் பக்கத்தில் மாரிச்செல்வி நின்றிருந்தாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. புத்தகத்தை முகத்தருகே பிடித்துக்கொண்டு ‘த’ என்றாள். மறுபடியும் ‘த’.

அதற்கு மேல் வரவில்லை.

பெஞ்சுகளில் பிள்ளைகள் நெளிந்தார்கள். யாரோ ‘த, த’ என்று சொல்லிக் காட்ட, சிரிப்பு பரவியது.

பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அங்கேயும் விரல்கள் சும்மா இருக்கவில்லை. ஒன்றையொன்று பிசைந்தன.

கடைசி பெஞ்சில், பிள்ளைகளுக்கான உயரத்தில், முழங்காலை இடித்துக்கொண்டு ஹெப்சிபா மேடம் உட்கார்ந்திருந்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் விரிவுரையாளர். இன்றைக்கு அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போட வந்தவர். போன முறை வந்தபோதே சொல்லியிருந்தார்: கேள்வியையும் நீங்களே கேட்கிறீர்கள், பதிலையும் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

நேரம் கொடுப்பதுதான் அவளுக்கு வராதது.

நாற்பதை நெருங்கும்போது இந்தப் படிப்புக்கு வந்தவள். கூடப் படிப்பவர்கள் அக்கா என்கிறார்கள். அதற்கு முன்னால் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர். அங்கே யாரும் பேசி முடிக்கும்வரை அவள் காத்திருந்ததில்லை. ‘நெஞ்சு’ என்று ஒருவர் தொடங்கும்போதே அவள் கை ஆக்சிஜனைத் திறந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவார்கள். அதோடு சரி. பிழைத்தாரா, வீடு போய்ச் சேர்ந்தாரா, எதுவும் தெரியாது. அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும்.

இன்றைக்குப் பார்த்த முகத்தை நாளைக்கும் பார்க்கிற மாதிரி ஒரு வேலை.

அவ்வளவுதான் கேட்டாள். வீட்டில் யாருக்கும் அது ஒரு காரணமாகப் படவில்லை.

‘த’ என்றாள் மாரிச்செல்வி. குரல் இறங்கியிருந்தது. கண் நிறையத் தொடங்கியது.

இன்னும் ஒரு நொடி போனால் தானே பதிலைச் சொல்லிவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. வாய் திறந்தும்விட்டது.

அப்போது நெடுஞ்சாலையில் சைரன் கேட்டது.

தூரத்தில் தொடங்கி, பள்ளிச் சுவரை நோக்கி வந்தது. பிள்ளைகள் மொத்தமாக எழுந்து ஜன்னலுக்கு ஓடினார்கள். பெஞ்சு ஒன்று சாய்ந்தது. ஹெப்சிபா மேடம் எழுந்து, கம்பியில் ஏறியவர்களை இழுத்து இறக்கிக்கொண்டிருந்தார்.

அவளுடைய கால் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. அவளைக் கேட்காமலே திரும்பியிருந்தது. உள்ளே யார், என்ன காயம், யார் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்?

திரும்பிப் பார்த்தாள்.

மாரிச்செல்வி நகரவில்லை.

வகுப்பில் ஒருவரும் அவளைப் பார்க்காத அந்த நேரத்தில், புத்தகத்தைத் தாழ்த்தி, எழுத்துக்கு அடியில் விரலை வைத்திருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

அவள் போய்ப் பிள்ளையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருப்பதற்குப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சைரன் சுவரை ஒட்டி அலறிக்கொண்டு போனது.

அந்த இரைச்சலுக்குள், அவள் காதுக்கு மட்டும்:

“தவளை.”

விரல் நகர்ந்தது.

“தவளை... தண்ணீரில்... குதித்தது.”

குழந்தை சிரிக்கவில்லை. அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருந்தது.

பிறகு வராந்தாவில் ஹெப்சிபா மேடம் வருத்தத்தோடுதான் சொன்னார். வகுப்பு கையை விட்டுப் போய்விட்டது. பாடம் பாதியில் நின்றது. அந்தப் பிள்ளை ஒரு சொல்கூடப் படிக்கவில்லை. இதற்கு மதிப்பெண் போட முடியாது. அடுத்த வாரம் திரும்ப நடத்த வேண்டும்.

“அவ படிச்சா மேடம்.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா.”

“எனக்குக் கேட்டுச்சு.”

ஹெப்சிபா மேடம் அவள் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்கிற முகம் இல்லை. ஆனாலும் தான் கேட்காததற்கு எப்படி மதிப்பெண் போடுவது? ஊருக்குள்ளே, ரோட்டுச் சத்தமே வராத இடத்தில் இன்னொரு பள்ளி இருப்பதாகவும், பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள், அங்கே நடத்தினால் சுலபமாகத் தேறிவிடலாம் என்றும் சொன்னார்.

அவள் சரி என்று தலையாட்டப் போனாள். பிறகு நிறுத்தினாள்.

“இங்கயே குடுங்க மேடம். இதே கிளாஸ்.”

“திரும்பவும் இப்படியே ஆச்சுன்னா?”

“ஆகட்டும்.”

“ஏம்மா, தேறலைன்னா ஒரு வருஷம் போயிரும்.”

உள்ளே சாய்ந்த பெஞ்சைப் பிள்ளைகள் நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருத்தி மட்டும் புத்தகத்தில் குனிந்த தலை நிமிராமல் இருந்தாள்.

“அவளுக்கு அடுத்த பக்கம் பாக்கி இருக்கு மேடம்.”